ஊரடங்கில் எத்தனை நாளுக்கு ஒருதரம் கடைக்குப் போவது? வன்னிக் குடும்பங்களுக்கான ஒரு கணக்கு

கொரோனா பரவியதால் 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுக்க ஊரடங்கு போடப்பட்டது. இடையில் சில மணித்தியாலம் தளர்த்தியபோதெல்லாம் கடைவாசல்களில் சனம் முண்டியடித்தது. 2021 மே 21 இரவு தொடங்கிய பயணக் கட்டுப்பாட்டிலும், அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 அதிகாலை வரை இருந்த தனிமைப்படுத்தல் ஊரடங்கிலும் இதே கதைதான். புதிய தொற்று பற்றி எங்காவது செய்தி வந்தால் இன்றும் முதலில் எழும் கேள்வி, "சாமான் வாங்கி வைக்கிறதோ, எவ்வளவு வாங்குறது, எப்ப திரும்பப் போறது?" என்பதுதான்.

உலர் சாமானுக்கு 14 நாளுக்கு ஒருதரம் போனால் போதும். காசோ இடவசதியோ இல்லாவிட்டால் 7 நாளுக்கு ஒருதரம். மூன்று, நாலு நாளுக்கு ஒருதரம் போவது எல்லாவற்றிலும் மோசமான தெரிவு. மரக்கறியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அதற்கு வேறு வழி உண்டு. இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் மூன்று நிலைமைகள்

செய்தியில் இவற்றை மாறிமாறிச் சொல்வார்கள். கடைக்குப் போவதைப் பொறுத்தவரை மூன்றும் வேறு.

1. ஊரடங்கு அல்லது பயணக் கட்டுப்பாடு: தளர்த்தும் நேரத்தில் போகலாம், மற்ற நேரத்தில் அனுமதி வேண்டும்.
2. முடக்கப்பட்ட பகுதி: ஒரு கிராம அலுவலர் பிரிவையோ சில வீதிகளையோ மட்டும் மூடுவது. மாவட்டம் முழுக்கத் திறந்திருந்தாலும் உங்களுக்குத் திறக்காது.
3. வீட்டுத் தனிமைப்படுத்தல்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே போக முடியாது. கொரோனாவின் முதல் அலைகளில் இது 14 நாள்.

முதலாவதுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வரும். மற்ற இரண்டும் சொல்லாமல் வரும். ஆகவே அடுத்த பயண நாள் வரும்போது அரிசிப் பானை வெறுமையாக இருக்கிறமாதிரித் திட்டம் போடுவது பிழை. பயண நாளன்று காலையிலும் வீட்டில் ஒரு கிழமைக்கான அரிசி, பருப்பு, உப்பு, தேங்காய் கிடக்கவேண்டும்.

கிருமியின் நாட்கணக்கு

2020இல் பரவிய கொரோனா வகையின் கால ஒழுங்கு இது:

1. கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய நடுவாக 5 நாள் எடுக்கும்.
2. அறிகுறி காட்டுகிறவர்களில் 97 வீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பதினொன்றரை நாளுக்குள் தெரிந்துவிடும். 14 நாள் தனிமைப்படுத்தல் என்ற எண் இதையொட்டி வந்தது.
3. அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய 2 நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குத் தொற்றவைக்கத் தொடங்கிவிடுவார்.
4. சாதாரணமாக வந்து மாறுகிறவர்களில், அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்தபின் தொற்றவைக்கும் தன்மை பெரும்பாலும் போய்விடும்.
5. அறிகுறியே இல்லாமல் தொற்றவைத்துத் திரிகிறவர்களும் உண்டு.

இனி இதைக் கடைப் பயணத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் திங்கட்கிழமை சந்தையில் கிருமியை வாங்கிவிட்டார். வியாழக்கிழமை அளவில் அவர் தொற்றவைக்கத் தொடங்குவார். காய்ச்சல் வருவதோ சனிக்கிழமை. மூன்று நாளுக்கு ஒருதரம் கடைக்குப் போகிறவராக இருந்தால், அந்த வியாழக்கிழமை நல்ல சுகதேகியாக, தடிமன்கூட இல்லாமல், அதே வரிசையில் நின்று பரப்பிக்கொண்டிருப்பார். அவரில் பிழை இல்லை, பிழை அவர் எடுத்த இடைவெளியில்.

ஏழு நாள் விட்டுப் போனால், நோய் காட்டப்போகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு அதற்கிடையில் காய்ச்சலோ இருமலோ வந்திருக்கும், அவர்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். மிச்சக் கால்வாசியும் அறிகுறி இல்லாதவர்களும் தப்பிப் போவார்கள். பதினாலு நாள் விட்டால் அநேகமாக எல்லாருக்கும் விடை தெரிந்துவிடும். அறிகுறி இல்லாதவருக்கும் தொற்றவைக்கும் காலம் முடிவை நெருங்கியிருக்கும். 14 என்பது "அடிக்கடி போகாதே" என்ற பொதுப் புத்திமதிக்கு மேலானது. ஒரு பயணத்தில் பட்ட தொற்று அடுத்த பயணத்தில் சந்தைக்குத் திரும்பிப் போகாமல் வெட்டிவிடுகிற இடைவெளி அது.

இதிலிருந்து பலர் கவனிக்காத ஒரு விதி வருகிறது: வீட்டில் ஒரே ஆள்தான் போகவேண்டும். இந்தமுறை தகப்பன், அடுத்தமுறை மகன் என்று மாறினால் கணக்குக் குழம்பும். தகப்பன் கொண்டுவந்த கிருமி நாலைந்து நாளில் மகனுக்குப் போகும். மகனின் நாட்கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பதினாலாம் நாள் மகன் கடைக்குப் போகும்போது அவர் தொற்றவைக்கும் காலத்தின் நடுவில் நிற்கக்கூடும். அதேபோல வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மணம் சுவை தெரியாமை இருந்தால், வழமையாகப் போகிற ஆள் சுகமாக இருந்தாலும் போகக்கூடாது.

கடைக்குள் நிற்கும் சனம்

இடைவெளியை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கைத்தான் பார்த்தோம். கொரோனா முக்கியமாகப் பரவுவது காற்றுவழி. காற்றோட்டம் குறைந்த கடைக்குள் எத்தனை பேருடன் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதும் அதேயளவு முக்கியம்.

ஒரு ஊரில் 300 குடும்பம், ஒரு சங்கக்கடை, கிழமையில் ஒருநாள் 6 மணித்தியாலம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கிழமைக்கு ஒருதரம் வந்து ஆளுக்கு 10 நிமிடம் எடுத்தால், மணித்தியாலத்துக்கு 50 பேர், எந்த நேரத்திலும் கடைக்குள் எட்டுப் பேர். பாதிக் குடும்பம் ஒரு கிழமை, மீதிப் பாதி அடுத்த கிழமை என்று வந்தால் மணித்தியாலத்துக்கு 25 பேர்தான். ஆனால் இரட்டிப்புச் சாமான் வாங்கவேண்டும், ஆளுக்கு 15 நிமிடம் ஆகும். ஆகவே உள்ளே ஆறு பேர் நிற்பார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை, பாருங்கள். முதல்நாளே துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டி வைத்ததை 5 நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போனால் அது இரண்டாகிவிடும். துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னாலும் சரி. கூட்டத்தைக் குறைப்பதில் இடைவெளியை விடத் துண்டுக்கு வலு அதிகம்.

கதவு திறக்கும் முதல் ஒரு மணித்தியாலத்தை விட்டுவிடுங்கள். ஏதோ முடிந்துவிடும் என்ற பயத்தில் ஊரே நிற்கும் நேரம் அது.

சாமான் பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த காலமும் இருந்தது. ஆய்வுகூடத்தில் கிருமி பிளாஸ்ரிக்கில் 3 நாள் வரை தங்கியது உண்மை. ஆனால் பொருளைத் தொட்டுத் தொற்றுவது மிகக் குறைவு என்று பின்னர் தெளிவானது. வீட்டுக்கு வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மரக்கறியைச் சும்மா தண்ணீரில் அலசுங்கள். மரக்கறிக்குச் சவர்க்காரமோ குளோரினோ போடவே கூடாது, வயிற்றுக்குள் போனால் அதுவே வருத்தம்.

அடையாள அட்டையின் கடைசி இலக்கம்

2020 ஏப்ரலில், அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள்: திங்கள் 1, 2; செவ்வாய் 3, 4; புதன் 5, 6; வியாழன் 7, 8; வெள்ளி 9, 0. "கிழமைக்கு ஒருநாள் போகச் சொல்லியிருக்கு" என்று பலர் இதை விளங்கிக்கொண்டார்கள். அது போகலாம் என்ற மேல் எல்லையே தவிர, போ என்ற ஆலோசனை அல்ல. மூன்று பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சட்டப்படி மூன்று நாள் கிடைக்கும், மூன்று நாளும் போனால் மேலே சொன்ன எல்லாம் வீண். மறுபக்கம், வன்னியில் பெண் தனியே தலைமை தாங்கும் வீடுகள் நிறைய. அங்கே ஒரே ஒரு அட்டை, ஒரே ஒரு நாள். அன்று பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் அந்தக் கிழமை போய்விடும். இந்த வீடுகளுக்கு ஒரு கிழமை மேலதிக இருப்பு கட்டாயம்.

14 நாளுக்கு எவ்வளவு?

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு அளவு. சின்னப்பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் குறையும், வயலில் வேலை செய்கிறவர்கள் இருந்தால் கூடும்.

1. அரிசி, அரிசிமா இரண்டும் சேர்த்து: ஆளுக்கு நாளுக்கு 300 கிராம், மொத்தம் 21 கிலோ.
2. பருப்பு, பயறு, கௌபி, கடலை எல்லாம் சேர்த்து: ஆளுக்கு 50 கிராம், மூன்றரைக் கிலோ.
3. தேங்காய்: நாளுக்கு ஒன்று, 14. இரண்டு மூன்று கூட எடுங்கள், உடைத்தால் அழுகல் இருக்கும்.
4. சமையல் எண்ணெய்: ஒன்றரை லீற்றர்.
5. சீனி: 2 கிலோ. பனங்கட்டி இருந்தால் குறையலாம்.
6. தேயிலை 400 கிராம். எல்லாரும் பால்தேத்தண்ணி குடித்தால் 400 கிராம் பால்மா பக்கற் மூன்று நாலு.
7. மிளகாய்த்தூள் 700 கிராம். மில் பூட்டியிருந்தால் திரிக்க வழியில்லை, ஆகவே ஒரு கிலோவாக வைத்திருப்பது நல்லது.
8. சின்ன வெங்காயம் 3 கிலோ, உள்ளி கால் கிலோ, புளி அரைக் கிலோ, உப்பு ஒரு பக்கற்.
9. கருவாடு அல்லது நெத்தலி ஒரு கிலோ, முட்டை 30.
10. கிளினிக் மருந்து: பிறஷர், சீனி வருத்தக்காரருக்கு எப்போதும் குறைந்தது 14 நாளுக்கு.

ரின் மீனையும் மைசூர்ப் பருப்பையும் நம்பித் திட்டம் போடவேண்டாம். 2020 மார்ச் 17இல் பருப்பு கிலோ 65 ரூபா, பெரிய ரின் மீன் 100 ரூபா என்று உச்ச விலை அறிவித்தார்கள். அந்த விலைக்கு விற்கக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை, இரண்டும் தட்டில் தேடுகிற சாமானாயின. இறக்குமதிப் பண்டம் எது முடியும் என்பதை ஊரில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. வன்னியிலேயே விளைகிற உழுந்து, பயறு, கச்சான் அப்படியில்லை.

நெல் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 ஊரடங்கு காலபோக அறுவடை முடிந்த கையோடு வந்தது. ஆனால் நெல் என்பது அரிசி அல்ல, மில் திறந்தால்தான் அரிசி. 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். ஆக 21 கிலோவுக்கு 32, 33 கிலோ நெல் வேண்டும். வயலிலேயே ஈரத்தோடு முழுவதையும் விற்றுவிட்டு, பிறகு கடையில் அரிசி வாங்க வரிசையில் நிற்பது கமக்காரருக்கு இரட்டை நட்டம். சாப்பாட்டு நெல்லைப் பிறிம்பாக எடுத்து, பல்லில் கடித்தால் நசியாமல் 'டிக்' என்று உடையும் வரை காயவைத்து, ஒரு மாதத்துக்கானதைக் குற்றி வைத்துக்கொள்ளலாம்.

மரக்கறிக்குக் கடை வேண்டாம்

தம்புள்ளையிலிருந்து ஏ9 வழியாக வருகிற கரட், லீக்ஸ், கோவா எல்லாம் அந்தச் சந்தை பூட்டியதும் நின்றுவிடும். வந்தாலும் வன்னி வெக்கையில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத குசினியில், அவற்றின் ஆயுள் சொற்பம். கீரை ஒருநாள். பயிற்றங்காய், வெண்டிக்காய் இரண்டு மூன்று நாள். கத்தரிக்காய் மூன்று நாலு. செங்காய்த் தக்காளி ஐந்தாறு நாள். முழுப் பூசணி மாதக்கணக்கு, ஆனால் காம்போடு இருக்கவேண்டும், வெட்டினால் இரண்டே நாள். உரிக்காத தேங்காய் இரண்டு மாதம் தாங்கும்.

மரவள்ளி ஒரு விசேஷம். கிண்டி எடுத்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து பழுதாகும், நிலத்தில் விட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு மரமாகப் பிடுங்கி அன்றன்றைக்கே அவித்துவிடவேண்டும். முருங்கை, அகத்தி, வாழை, பலா, வேலியில் படரும் பசளி இவையும் இதே வகை: மரத்திலும் கொடியிலும்தான் சேமிப்பு. காணியுள்ள வீட்டுக்கு 14 நாள் இடைவெளி ஒரு பிரச்சினையே இல்லை. பரந்தன், கிளிநொச்சி நகர்ப்பக்கம் கால்பரப்புக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். அவர்களுக்குப் படலையடிக்கு வரும் வியாபாரி சந்தையை விட நல்லது: திறந்த வெளி, ஒரே ஆள், இரண்டு நிமிடம். பேசினை மதகில் வைத்து, சில்லறையைச் சரியாகப் போட்டு, முகக்கவசத்தோடு தள்ளி நின்றால் போதும். அக்கம்பக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்று மீன் கிண்டினால் அதுவும் சந்தைதான்.

திட்டம் எங்கே முறிகிறது?

அரிசி முடிந்து ஒருவரும் ஒன்பதாம் நாள் கடைக்கு ஓடுவதில்லை. ஓடவைப்பது நெருப்புப்பெட்டி, வெற்றிலை பாக்கு, பீடி, தொலைபேசி ரீலோட், பச்சை மிளகாய், சவர்க்காரம், பிள்ளைக்குப் பிஸ்கட். துண்டு எழுதும்போது இவற்றை முதலில் எழுதுங்கள். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வாழையிலைக்குள் வைத்தால் ஒரு கிழமை தாங்கும். அதற்குப் பிறகு அம்மம்மாவுடன் சமாதானப் பேச்சுத்தான். பச்சை மிளகாய்க்குப் பதில் செத்தல், மோர்மிளகாய். ரீலோடை வீட்டிலிருந்தே போட ஆள் பிடித்து வையுங்கள்.

சேமிப்பில் நடக்கும் பிழைகள்:

1. அரிசிமா: ஊறவைத்து இடித்த பச்சை மா ஒன்றிரண்டு நாளில் புளிக்கும். வறுத்தால் வாரக்கணக்கில் இருக்கும். அள்ளி விட்டால் கட்டியில்லாமல் கோலப்பொடி போல விழவேண்டும், அதுதான் பதம். சூட்டோடு ரின்னில் அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணி சொட்டி, பூஞ்சணம் பிடிக்கும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அரித்துப் போடுங்கள்.
2. அரிசியில் வண்டு: பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டுவதால்தான் அநேகமாக வருகிறது. பாத்திரத்தை வெறுமையாக்கி, துடைத்து, காயவைத்துப் போடுங்கள். நிழலில் காய்ந்த வேப்பிலை வைக்கலாம். வண்டு விழுந்தால் சுளகில் புடைத்து எடுக்கலாம், எறியத் தேவையில்லை.
3. வெங்காயம்: பொலித்தீன் பையோடு வைத்தால் வியர்த்து அழுகும். நிலத்தில் சாக்கு விரித்துப் பரப்புங்கள், உருளைக்கிழங்கோடு சேர்க்கவேண்டாம்.
4. முட்டை: கழுவி வைக்கவேண்டாம், சமைக்கும்போது கழுவுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பது பழுது.

1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த சனத்துக்கு, ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் மூட்டை மூட்டையாக அடுக்கத் தோன்றுவது இயல்பு. குறை சொல்ல ஏலாது. ஆனால் இரண்டும் வேறு. அப்போது சாமானே வரவில்லை. ஊரடங்கில் சாமான் வரும், பிந்தி வரும். மூன்று கிழமைக்கு மேல் அடுக்கினால் பூச்சிக்குப் பாதி போகும், பின்னால் வருகிறவருக்கும் இல்லாமல் போகும்.

நாட்கூலி வீடு

14 நாள் சாமானை ஒரே தரத்தில் வாங்கக் கையில் காசு வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஊரடங்கென்றால் வருமானமே இல்லை. 2020 ஏப்ரலில் சமுர்த்திக் குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள், அது வந்த அன்று ஒரு வரிசை, செலவழிக்க இன்னொரு வரிசை. அப்படிக் காசு வந்தால் முதலில் 14 நாள் அரிசியையும் உப்பையும் முழுதாக எடுங்கள், பிறகு பருப்பு, தேங்காய், மிச்சத்துக்கு மற்றவை. எல்லாவற்றிலும் கால்வாசி எடுத்தால் நாலாம் நாள் திரும்பப் போகவேண்டி வரும், அதுதான் மேலே சொன்ன மோசமான இடைவெளி. கடன் கொப்பி இருக்கும் ஊர்க்கடை இந்த நேரத்தில் மலிவான நகரக்கடையை விடப் பெறுமதியானது.

அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆளை அனுப்புவது இன்னும் நல்லது. ஐந்து பேர் போகும் இடத்தில் ஒருவர் போகிறார். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ உள்ளே இருக்கும் ஊர்களுக்கு இது போக்குவரத்துச் செலவையும் மிச்சப்படுத்தும். கவனிக்கவேண்டியவை:

1. ஐந்து வீட்டு அரிசி மட்டும் 105 கிலோ. மோட்டார் சைக்கிள் தாங்காது, லான்ட்மாஸ்ரரோ ஓட்டோவோ வேண்டும். கிராம அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதியைக் கேட்டு வையுங்கள்.
2. போகிறவர் அறுபதுக்கு மேற்பட்டவராகவோ நீண்டகால வருத்தக்காரராகவோ இருக்கக்கூடாது.
3. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பை, தனித் துண்டு, தனிக் காசு. கலந்து வாங்கிவந்து ஒரு முற்றத்தில் குந்தியிருந்து பிரித்தால், ஐந்து வீடும் அங்கே கூடிவிடும்.
4. பையைப் படலையடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போகவேண்டும். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிடுவதும் போய் இருப்பதும் இந்தத் திட்டத்தைக் கெடுக்கும்.
5. அவருக்கு அடுத்த 14 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் ஐந்து வீட்டுக்கும் உடனே சொல்லவேண்டும். ஒளித்தால் அடுத்தமுறை ஆள் பிடிக்க முடியாது.

வேறு நோய் என்றால்

இந்த 14 கல்லில் எழுதியது அல்ல. ஒமிக்ரோன் வகையில் அறிகுறி தெரியும் காலம் 3 நாள் அளவுக்குச் சுருங்கியது. சாதாரண இன்புளுவென்சாவில் அது 1 முதல் 4 நாள், அதற்கு ஒரு கிழமை இடைவெளியே போதும். புதிய தொற்று பற்றிச் சுகாதாரப் பகுதியினர் அறிவிக்கும்போது இரண்டு எண்களைக் கேட்டு வையுங்கள்: தொற்றி எத்தனை நாளில் அறிகுறி தெரியும், அதற்கு எத்தனை நாள் முன்பே தொற்றவைக்கும். முதலாவதில் ஆகக்கூடிய நாளை எடுத்து, அதைவிடக் குறையாமல் கடைப் பயணத்தின் இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். டெங்கு நுளம்பால் பரவுவது, அதற்குக் கடைக்குப் போகாமல் இருந்து பயனில்லை. அந்த நாட்களில் வேலை வீட்டு வளவுக்குள்தான்: தேங்காய்ச் சிரட்டை, பழைய ரயர், தண்ணி தேங்கும் யோகட் கோப்பை.